மசக்கை: நேராகாமல் தொங்கிய ஒரு ஹார்மோன் கணக்கு

நம் பழைய சினிமாக்களில் கர்ப்பத்தை அறிவிக்க ஒரே வழிதான். கதாநாயகி வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்புறம் ஓடுவார். வைத்தியர் நாடி பார்த்துவிட்டுச் சிரிப்பார். மாமியார் சர்க்கரை டப்பாவைத் தேடுவார். அதோடு வாந்தி முடிந்தது, அடுத்த காட்சி வளைகாப்பு. நடுவில் இருக்கிற மூன்று மாதத்துக்குப் படச்சுருளில் இடம் கிடையாது.

அந்த மூன்று மாதத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளவும். நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் சேர்ந்து, மாற்றல் ஆர்டர் சொல்கிற ஊருக்கெல்லாம் பெட்டி கட்டுகிறவன். ஆனால் ஒரு கணக்கு டேலி ஆகாமல் பல வருஷம் தொங்கிக்கொண்டிருந்தால் அதை நோண்டிப் பார்க்கிற வியாதி உண்டு. கர்ப்ப ஹார்மோனுக்கும் மசக்கைக்கும் என்ன உறவு என்பது அப்படித் தொங்கிய கணக்கு. கிட்டத்தட்ட நூறு வருஷம் தொங்கியது. அதற்குள் பலர் தப்பான ஆள் பேரில் பற்று எழுதிவிட்டார்கள். சில சமயம் அந்தப் பெண் பேரிலேயே எழுதினார்கள்.

முதலில் கொஞ்சம் பழைய ஏடு. மசக்கை இன்று நேற்று வந்ததல்ல. கி.பி. 2-ம் நூற்றாண்டில் ரோமாபுரியில் வைத்தியம் பார்த்த கிரேக்க மருத்துவர் சொரானஸ், பெண்களின் நோய்கள் பற்றிய தன் நூலில் இதைத் தனியாகவே பேசுகிறார். சுமார் 40-வது நாளில் ஆரம்பித்துப் பெரும்பாலும் நான்கு மாதம் வரை இருக்கும் என்கிறார். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லாத காலத்துக்கு இது அசாத்தியமான கவனிப்பு. இன்றைய மருத்துவம் சொல்வதும் ஏறக்குறைய இதேதான். கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணினால் ஐந்தாறு வாரத்தில் தொடங்கி, ஒன்பதாவது வாரத்தை ஒட்டி உச்சம் போய், பெரும்பாலோருக்கு நாலாவது ஐந்தாவது மாதத்துக்குள் அடங்கிவிடும். நூறு கர்ப்பிணிகளில் சுமார் 70 பேருக்கு ஏதோ ஒரு அளவில் குமட்டலோ வாந்தியோ உண்டு.

அந்த 70 பேரில் மிகச் சிலருக்கு அது எல்லை மீறிப் போகும். தண்ணீர் கூட நிற்காது, உடம்பு எடை சரசரவென்று இறங்கும். இதற்கு மருத்துவத்தில் ஹைப்பரெமெசிஸ் கிராவிடாரம் என்று பெயர். நூறில் ஒருவர் முதல் மூவர் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் இரண்டையும் 'மசக்கை' என்ற ஒரே தலைப்பில் வரவு வைத்துவிடுகிறோம். சிக்கல் அங்கேயே ஆரம்பிக்கிறது.

'ஜேன் அயர்' எழுதிய சார்லட் பிரான்டியை ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். 1854 ஜூனில் அவருக்குக் கல்யாணம். 1855 ஜனவரியில் ஓயாத குமட்டல், மயக்கம். மார்ச் 31 அன்று, 38 வயதில் இறந்துபோனார். இறப்புச் சான்றிதழில் காசநோய் என்று எழுதியிருந்தது. ஆனால் அவர் கர்ப்பமாக இருந்ததையும் கடைசி வாரங்களில் எதையும் சாப்பிட முடியாமல் போனதையும் வைத்து, இது கடுமையான கர்ப்பகால வாந்தியாகத்தான் இருக்க வேண்டும் என்று பின்னால் வந்த பலர் கருதுகிறார்கள். சும்மா 'வாந்திதானே' என்று சொல்லுகிற விஷயத்தில் ஆள் போயிருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

எலி, தவளை, ஒரு வளைகோடு

'ஹார்மோன்' என்ற சொல்லே 1905-ல்தான் பிறந்தது. லண்டனில் இருந்த எர்னெஸ்ட் ஸ்டார்லிங் என்ற உடலியல் அறிஞர் முதலில் பயன்படுத்தினார். அதற்கு இருபத்து சொச்சம் வருஷம் கழித்து, 1920-களின் கடைசியில், பெர்லினில் செல்மர் ஆஷ்ஹைம், பெர்ன்ஹார்ட் சோன்டெக் என்ற இரண்டு மருத்துவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். கர்ப்பிணியின் சிறுநீரை எடுத்து, பருவம் அடையாத பெண் சுண்டெலிக்கு ஊசி போட்டார்கள். சில நாள் கழித்து எலியை அறுத்துப் பார்த்தால் அதன் சினைப்பை பருவம் வந்த மாதிரி மாறியிருந்தது. கர்ப்பிணி உடம்பில் ஏதோ ஒரு ஹார்மோன் ஏராளமாக ஓடுகிறது என்று நிரூபணம் ஆயிற்று. இதுவே உலகத்தின் முதல் நம்பகமான கர்ப்பப் பரிசோதனை. அது பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வருகிறது என்று அவர்கள் நினைத்தார்கள். உண்மையில் வருவது நஞ்சுக்கொடியிலிருந்து என்று பின்னால் தெளிவானது. இன்று நாம் எச்சிஜி என்று சொல்லுகிற ஹார்மோன் அதுதான்.

(இருவரும் யூதர்கள். 1933-ல் ஹிட்லர் வந்ததும் வேலை போயிற்று. சோன்டெக் ஸ்வீடன் வழியாக ஜெருசலேம் போய்ச் சேர்ந்தார், ஆஷ்ஹைம் பாரிஸ் போனார். ஊர் விட்டு ஊர் போய் வேலை பார்க்கிற நமக்கு இது கண்ணில் படாமல் போகாது.)

1930-களில் எலிக்குப் பதில் தென்னாப்பிரிக்கத் தவளை வந்தது. லான்சலாட் ஹாக்பென் கேப் டவுனில் செய்த ஆராய்ச்சியின் பலன். கர்ப்பிணியின் சிறுநீரைச் செலுத்தினால் பெண் தவளை ஒரு நாளுக்குள் முட்டை போட்டுவிடும். தவளையைக் கொல்லவும் வேண்டாம். 1960-ல் ஸ்வீடனில் வைடே, கெம்செல் இருவரும் உயிரினமே தேவைப்படாத ரசாயனச் சோதனையைக் கொண்டுவந்தார்கள். 1972-ல் அமெரிக்காவில் ஜூடித் வைடுகைடிஸ் குழுவினர் எச்சிஜியை மட்டும் துல்லியமாக அளக்கும் முறையை வெளியிட்டார்கள். இன்று மருந்துக்கடையில் வாங்கி வீட்டில் பார்க்கிற அந்தக் கோடு விழும் பட்டையும் இதே ஹார்மோனைத்தான் தேடுகிறது.

அளக்க முடிந்ததும் ஒரு வளைகோடு கிடைத்தது. எச்சிஜி ஆரம்ப வாரங்களில் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை இரட்டிப்பாகும். எட்டிலிருந்து பதினோராவது வாரத்துக்குள் உச்சம் தொடும். அப்புறம் இறங்கிவிடும். இதன் பக்கத்தில் மசக்கையின் வளைகோட்டை வைத்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். போதாததற்கு, இரட்டைக் குழந்தை இருந்தால் எச்சிஜியும் அதிகம், வாந்தியும் அதிகம். கரு உருவாகாமல் நஞ்சுக்கொடித் திசு மட்டும் முத்துப்பிள்ளையாக வளர்கிற நிலையிலும் அப்படியே. குற்றவாளி கிடைத்துவிட்டான் என்று பாடப்புத்தகங்கள் ஏறக்குறைய முடிவு கட்டிவிட்டன.

இங்கேதான் எனக்குள் இருக்கும் வங்கிக்காரன் விழித்துக்கொள்கிறான். ஒரே தேதியில் ஒரே மாதிரித் தொகை இரண்டு கணக்கில் வந்திருக்கிறது என்பதற்காக அது ஒரே பரிவர்த்தனை என்று டிக் அடித்துவிட முடியுமா? வவுச்சர் வேண்டாமா? அந்த வவுச்சர் கிடைக்கவில்லை. ஒரே அளவு எச்சிஜி உள்ள இரண்டு பெண்களில் ஒருத்தி ஆபீசுக்குப் போய்வருவாள், இன்னொருத்தி படுக்கையை விட்டு எழமாட்டாள். ஆய்வுகள் ஒன்று ஆம் என்றால் இன்னொன்று இல்லை என்றது. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் மேலும் சந்தேகம் வந்தது. ஆனால் அவை பிரசவம் வரை ஏறிக்கொண்டே போகின்றன, மசக்கையோ பாதியில் இறங்கிவிடுகிறது. கணக்கு உதைத்தது.

'எல்லாம் மனசுதான்'

காரணம் தெரியாத இடத்தில் பழி யார் மேலாவது விழும். 20-ம் நூற்றாண்டின் முதல் பாதியில் மனப்பகுப்பாய்வு செல்வாக்கோடு இருந்த நாட்களில், ஓயாமல் வாந்தி எடுக்கும் கர்ப்பிணி உள்மனதில் குழந்தையை வேண்டாம் என்கிறாள், கணவனை வெறுக்கிறாள் என்றெல்லாம் மருத்துவ ஏடுகளிலேயே எழுதினார்கள். சிகிச்சை என்று சொல்லி அவளைத் தனி அறையில் வைத்து, வீட்டு மனிதர்கள் பார்க்கவும் தடை போட்டார்கள். வயிற்றுப் பிள்ளைக்காக ஒரு வாய் தண்ணீரை நிறுத்திவைக்கப் போராடுகிறவளைப் பார்த்து, உனக்குப் பிள்ளை மேல் ஆசை இல்லை என்று சொல்வதை விடக் கொடுமை இருக்குமா?

இத்தனைக்கும் உயிரைக் காப்பாற்றியது மனப்பகுப்பாய்வு இல்லை, நரம்பு வழி ஏற்றிய உப்புநீர்தான். இங்கிலாந்தில் 1931 முதல் 1940 வரை பத்து லட்சம் பிரசவத்துக்கு 159 பெண்கள் இந்த வாந்தியால் இறந்தார்கள். 1951 முதல் 1960 வரையிலான காலத்தில் அது 3 ஆகக் குறைந்தது. காரணம் தெரியாமலே, நீர்ச்சத்து இறங்காமல் பார்த்துக்கொண்டதிலேயே இவ்வளவு வித்தியாசம்.

ஒரு மாத்திரையும் ஒரு பயமும்

அடுத்த அத்தியாயம் சோகமானது. 1957 அக்டோபரில் மேற்கு ஜெர்மனியின் க்ரூனென்டால் நிறுவனம் தாலிடோமைட் என்ற தூக்க மாத்திரையை விற்பனைக்கு விட்டது. மிகவும் பாதுகாப்பானது என்று விளம்பரம். மசக்கைக்கும் கர்ப்பிணிகள் சாப்பிட்டார்கள். கை கால் வளராமல் குழந்தைகள் பிறந்தன. 1961 நவம்பரில் ஜெர்மனியில் மருந்தை வாபஸ் வாங்குவதற்குள் உலகம் முழுக்கப் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டுவிட்டன.

அமெரிக்கா பெருமளவு தப்பியது. காரணம் ஒரு அதிகாரி. 1960 செப்டம்பரில் அங்கே அனுமதி கேட்டு விண்ணப்பித்தது மெரல் என்ற கம்பெனி. மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் அந்தக் கோப்பு வந்து சேர்ந்த மேஜை, அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த ஃபிரான்ஸிஸ் கெல்ஸி என்ற பெண் மருத்துவருடையது. ஆவணம் போதாது என்று திருப்பித் திருப்பி அனுப்பினார். கம்பெனி மேலிடம் வரை போய் அழுத்தம் கொடுத்தும் அசையவில்லை. 1962-ல் அதிபர் கென்னடி கையால் விருது வாங்கினார். 2015-ல் 101 வயதில் காலமானார். பேப்பர் சரியில்லை என்று கையெழுத்துப் போட மறுக்கிற அதிகாரியை எல்லோரும் திட்டுவார்கள். அந்தக் கையெழுத்தின் மதிப்பு சில சமயம் இவ்வளவு :-)

ஆனால் கதை இங்கே ஒரு திருப்பம் எடுக்கிறது. அதே மெரல் கம்பெனி 1956-லிருந்து பென்டெக்டின் என்ற இன்னொரு மாத்திரையை விற்றுவந்தது. டாக்சிலமின் என்ற ஒவ்வாமை மருந்தும் பி6 வைட்டமினும் அதன் முக்கியச் சரக்கு. மசக்கைக்கென்றே வந்த மருந்து, கோடிக்கணக்கான பெண்கள் சாப்பிட்டார்கள். தாலிடோமைட் பயத்துக்குப் பிறகு இதன் மேலும் வழக்குகள் குவிந்தன. ஆய்வுகள் திரும்பத் திரும்ப ஆபத்து இல்லை என்றன. வழக்குச் செலவு கட்டுப்படியாகாமல் 1983-ல் கம்பெனியே நிறுத்திவிட்டது. விளைவு? குழந்தைகளின் பிறவிக் குறைபாடு குறையவில்லை. மசக்கைக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் எண்ணிக்கைதான் அமெரிக்காவில் இரட்டிப்பானது.

தாலிடோமைட் ஆபத்தை முதலில் எழுதியவர்களில் ஒருவரான ஆஸ்திரேலிய மருத்துவர் வில்லியம் மெக்பிரைட், இந்த மருந்துக்கு எதிராகவும் சாட்சி சொன்னார். பின்னால் அவர் தன் ஆராய்ச்சியில் எண்களைத் திருத்தியது வெளியாகி, 1993-ல் மருத்துவப் பதிவை இழந்தார். ஒரு முறை சரியாகச் சொன்னவர் எப்போதும் சரியாகச் சொல்வார் என்ற உத்தரவாதம் இல்லை. கனடாவில் இந்தக் கூட்டு மருந்து விற்பனையில் தொடர்ந்தது. அமெரிக்கா 2013-ல் மறுபடியும் அனுமதி கொடுத்தது. நம் நாட்டிலும் டாக்டர்கள் மசக்கைக்கு வழக்கமாக எழுதிக்கொடுப்பது இந்தக் கூட்டு மாத்திரைதான்.

இந்த இரண்டு அத்தியாயங்களின் நிழல் நீளமானது. கர்ப்பிணிகள் சம்பந்தப்பட்ட மருந்து ஆராய்ச்சி என்றாலே கம்பெனிகள் ஒதுங்கின. கணக்கு மறுபடியும் தொங்கியது.

வேறு வழியாக வந்த விடை

1999-ல் அமெரிக்காவில் மார்லினா ஃபெய்சோ என்ற மரபணு ஆராய்ச்சியாளர் கர்ப்பமானார். அசைந்தால் வாந்தி. தண்ணீர் விழுங்க முடியவில்லை. அவருடைய டாக்டர் அவர் மிகைப்படுத்துகிறார் என்றே நினைத்தார். 15-வது வாரத்தில் குழந்தை தங்கவில்லை. அதன் பிறகு அவர் தன் ஆராய்ச்சியை இந்தப் பக்கம் திருப்பினார். அரசாங்க நிதி கேட்டார், கிடைக்கவில்லை. கடைசியில், எச்சிலை வாங்கி மரபணு பார்த்துச் சொல்லும் 23அண்ட்மீ என்ற தனியார் கம்பெனியிடம் பேசி, அவர்கள் வாடிக்கையாளர்களிடம் கர்ப்பகால வாந்தி பற்றிய கேள்விகளைக் கேட்க வைத்தார். பல ஆயிரம் பெண்கள் பதில் சொன்னார்கள்.

2018-ல் முடிவு வந்தது. கடும் வாந்தி உள்ள பெண்களிடம் தனித்து நின்றது எச்சிஜிக்கான மரபணு அல்ல. ஜிடிஎஃப்-15 என்ற வேறொரு ஹார்மோனுக்கானது.

இது புதுசாக முளைத்த பெயர் அல்ல. 1997-ல் சிட்னியில் சாமுவேல் பிரெய்ட் குழுவினர் வேறு பெயரில் இதைக் கண்டுபிடித்திருந்தார்கள். புற்றுநோயாளிகளுக்குப் பசி செத்துப்போவதில் இதற்குப் பங்கு உண்டு என்று 2007-ல் எழுதினார்கள். 2017-ல் இதன் ஏற்பி மூளையின் பின்பகுதியில், வாந்தி உணர்வைக் கிளப்பும் இடத்தில் இருப்பது தெரிந்தது. நஞ்சுக்கொடி இதை ஏராளமாகச் சுரக்கிறது என்பதும் தெரிந்திருந்தது. சீட்டுகள் எல்லாம் தனித்தனி பீரோவில் இருந்தன, ஒன்றாக வைத்துப் பார்க்க ஆள் இல்லை.

2023 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் ஃபெய்சோவும் கேம்பிரிட்ஜின் ஸ்டீஃபன் ஓ'ராஹிலி குழுவினரும் சேர்ந்து எழுதிய கட்டுரையில் மீதிக் கணக்கு நேரானது. தாயின் ரத்தத்தில் ஏறுகிற ஜிடிஎஃப்-15-ல் பெரும்பகுதி கருவிலிருந்தும் நஞ்சுக்கொடியிலிருந்தும் வருகிறது. ஆனால் அளவு மட்டும் கதை இல்லை. கர்ப்பத்துக்கு முன்னால் அவள் உடம்பு எவ்வளவுக்குப் பழகியிருந்தது என்பதே பாதிக் கதை.

இதை வங்கி மொழியில் சொல்வது எனக்குச் சுலபம். மாதம் மூவாயிரம் ரூபாய் ஓடுகிற சேமிப்புக் கணக்கில் திடீரென்று ஐந்து லட்சம் விழுந்தால் கம்ப்யூட்டர் உடனே அலர்ட் அடிக்கும். தினம் ஐந்து லட்சம் புரளுகிற மண்டிக்கடைக்காரர் கணக்கில் அதே தொகை விழுந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். தொகை ஒன்றுதான், பழைய இருப்பு வேறு. இயல்பிலேயே ஜிடிஎஃப்-15 குறைவாக உள்ள பெண்ணுக்குக் கர்ப்பத்தில் அது ஏறும்போது மூளை அலர்ட் அடிக்கிறது. பழகிய உடம்பு அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை.

இதற்கு ஒரு சாட்சி நமக்குப் பக்கத்திலிருந்தே வந்தது. இந்த ஆய்வில் இலங்கை மருத்துவர்களும் பங்கெடுத்தார்கள். பீட்டா தலசீமியா என்ற ரத்த நோய் உள்ளவர்களுக்கு ஜிடிஎஃப்-15 வாழ்நாள் முழுக்க மிக அதிகமாக இருக்கும். அந்த நோயோடு பிள்ளை பெற்ற இலங்கைப் பெண்களைக் கேட்டபோது, கர்ப்பகாலத்தில் குமட்டலோ வாந்தியோ இருந்தது என்றவர்கள் மிகக் குறைவு. நோயில்லாத பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இருந்தது என்றார்கள். எண்ணிக்கையில் சிறிய ஆய்வுதான், ஆனால் திசையைக் காட்டுகிறது. எச்சிஜிக்கு இதில் பங்கே இல்லை என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை. முதல் குற்றவாளி என்ற பட்டம் கைமாறிவிட்டது, அவ்வளவே. இதை வைத்துப் புது மருந்து தேடும் வேலை இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது.

நமக்கு இதில் என்ன?

ஊரை விட்டு வெளியே குடும்பம் நடத்துகிற நமக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நம் சம்பிரதாயம் ஏழாம் மாதத்தில் விழித்துக்கொள்கிறது. வளைகாப்பு போட்டு, தாய் வீட்டுக்கு அழைத்துப் போய்த் தாங்குவார்கள். ஆனால் மசக்கை கடுமையாக இருப்பது ஆறாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம் வரை. கூட்டுக்குடும்பத்தில் அதைச் சமாளிக்க நாலு பேர் இருந்தார்கள். இங்கே? மூன்று மாதம் முடியும்வரை யாரிடமும் சொல்லக்கூடாது என்ற வழக்கம் வேறு. கணவன் காலையில் போனால் ராத்திரி. அதிலும் மார்ச் மாதம் வங்கிக்காரன் பெண்டாட்டி பாடு கேட்கவே வேண்டாம். பக்கத்து ஃபிளாட்டில் கடுகு எண்ணெய் காய்கிற வாசனை வந்தால் ஜன்னலைச் சாத்தக்கூட ஆள் இருக்காது. ஃபோனில் அம்மா, "எல்லாருக்கும் வர்றதுதாண்டி, நான் உன்னை வச்சிக்கிட்டு வயலுக்கே போனேன்" என்பார். அம்மா பொய் சொல்லவில்லை. அவருடைய உடம்பின் பழைய இருப்பு வேறு, மகளுடையது வேறு. மாமியாருக்கு ஒன்றுமே இல்லாமலிருந்தது என்பதால் மருமகள் நடிக்கிறாள் என்று ஆகாது.

ஆகவே புதுசாகக் கல்யாணமாகி வடக்கே வந்திருக்கும் தம்பிகளுக்கு அண்ணன் முறையில் சில வார்த்தை. ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் கூட நிற்கவில்லை, சிறுநீர் குறைந்து அடர் நிறமாகப் போகிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது, எடை இறங்குகிறது — இதில் எது இருந்தாலும் இஞ்சிக் கஷாயம் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். பல நாள் வாந்தி எடுத்தால் பி1 வைட்டமின் தீர்ந்து மூளையைக் கூடப் பாதிக்கும், எத்தனை நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை என்பதை டாக்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். மருந்தைத் தானாக வாங்கிப் போடவும் வேண்டாம், டாக்டர் எழுதிக் கொடுத்ததைப் பயந்து தூக்கி வைக்கவும் வேண்டாம். மேலே சொன்ன வரலாற்றில் இரண்டு தவறுக்கும் விலை கொடுத்த பெண்கள் இருக்கிறார்கள். உங்கள் மனைவிக்கு அந்த ஊர் பாஷை வராது என்றால் கூடவே போங்கள், லீவு எடுங்கள். டாக்டரிடம் "கொஞ்சம் வாந்தி" என்று அவர் கூச்சப்பட்டுச் சொன்னால், எத்தனை முறை என்று எண்ணிச் சொல்ல வேண்டியது உங்கள் வேலை.

அந்த மூன்று மாதத்துக்கு மட்டும் ஊரிலிருந்து அம்மாவோ அத்தையோ வந்து இருக்க முடியுமானால், அல்லது தாய் வீட்டுக்கே அனுப்ப டாக்டர் சரி என்றால், ஏழாம் மாதம் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அக்கம்பக்கத்தில் நம் குடும்பம் ஏதாவது இருந்தால் அவர்கள் காதில் மட்டும் சங்கதியைப் போட்டு வையுங்கள். மத்தியானம் ஒரு கிண்ணம் ரசம் சாதத்தோடு வந்து எட்டிப் பார்க்க ஒரு அக்கா எந்த ஊரிலும் இருப்பார். நாங்கள் இருந்த எல்லா ஊரிலும் இருந்தார்கள்.

பெரியவர்கள் யாருக்காவது இது பற்றி வேறு அனுபவமோ கைப்பக்குவமோ இருந்தால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். அடுத்த பதிவில் சந்திப்போம்.